சாவி யார் கையில்?

(‘அரசாங்கம் கணினிமயமானதால் மக்களுக்கு மிகுந்திருப்பது வசதியா? ஆபத்தா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘ஆபத்தே’ என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ரொம்ப அழகாகப் பேசினாங்க. ‘பட்டாவுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்து எங்க அப்பாவுக்குச் செருப்பு தேய்ஞ்சுது. இன்னிக்கு நான் திண்ணையில உட்கார்ந்து அஞ்சு நிமிஷத்துல எடுக்கிறேன்’ என்றாங்க. நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். ஏன்னா அது உண்மை. உண்மைக்குக் கை தட்டினால் நம்ம அணி தோத்துடாது.

இன்னும் ரெண்டு உண்மையை அவங்க விட்டுட்டாங்க, நானே எடுத்துக் கொடுக்கிறேன். 1986-இல் தில்லியில் ரயில் முன்பதிவு கம்ப்யூட்டருக்கு வந்தது. அதுக்கு முன்னால் ஸ்டேஷன் வாசலில் ஜமக்காளத்தை விரிச்சு, ராத்திரியெல்லாம் வரிசையில் படுத்துக் கிடந்தவங்க இந்த அரங்கத்திலேயே இருப்பீங்க. 2017-இல் நம்ம தமிழ்நாட்டில் ஸ்மார்ட் ரேஷன் கார்டு வந்தது. சர்க்கரை வாங்கினால் போனில் செய்தி வருது. வாங்காத சர்க்கரைக்குச் செய்தி வந்தால், புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு நேரே சண்டைக்குப் போகலாம்! (சிரிப்பு) ஏழைக்கு அது பெரிய பலம். மறுக்கலை.

ஐயா, வசதி வரவில்லை என்பது எங்கள் கட்சி அல்ல. மிகுந்திருப்பது எது என்பதுதான் இன்றைய வழக்கு. வசதி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வருகிறது. ஆபத்து ஒரே நாளில், மொத்தமாக, கண்ணுக்குத் தெரியாமல் வருகிறது. அதனால்தான் வசதிக்குக் கை தட்டுகிறோம், ஆபத்தை மறந்துவிடுகிறோம்.

எங்க வீட்டுக்காரர் ஊருக்குக் கிளம்பினால் வாசல் பூட்டை மூணு தடவை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து நாலாவது தடவையும் இழுப்பார். அவ்வளவு ஜாக்கிரதை! அவர் பேங்க் கணக்குக்கு ரகசிய எண் என்ன தெரியுமா? எங்க கல்யாணத் தேதி. நான் கேட்டேன், ‘ஏங்க, இதைத் திருடன் கண்டுபிடிச்சிட மாட்டானா?’ அவர் சொன்னார், ‘எனக்கே ஞாபகம் இருக்க மாட்டேங்குது, திருடனுக்கு எப்படி இருக்கும்?’ (பலத்த சிரிப்பு)

நடுவர்: அம்மா, அந்தத் தேதியை இப்போ டி.வி.யில சொல்லிடாதீங்க!

சொல்ல மாட்டேன் ஐயா. ஆனால் பாருங்க, கண்ணுக்குத் தெரிகிற பூட்டை நாலு தடவை இழுக்கிறோம், தெரியாத பூட்டை ஒரு தடவைகூட இழுக்க மாட்டோம். வீட்டுக்காரர் அப்படி இருந்தால் ஒரு குடும்பத்துக்கு நஷ்டம். அரசாங்கம் அப்படி இருந்தால்?

அந்தக் காலத்துத் தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூமை நினைச்சுப் பாருங்க. கரையான், எலி, தூசி எல்லாம் உண்டு. ஆனால் ஒரு பிர்காவின் கணக்குகளைத் திருடணும் என்றால் மாட்டு வண்டி கட்டிக்கிட்டு வரணும். ஊரே பார்க்கும். இன்றைக்கு வண்டியும் வேண்டாம், மாடும் வேண்டாம். எந்த நாட்டிலோ உட்கார்ந்துகொண்டு ஒரு மாநிலத்தின் கணக்கையே அள்ளலாம். அள்ளின பிறகும் அலமாரி நிறைஞ்சுதான் இருக்கும். திருட்டுப் போனதே நமக்குத் தெரியாது!

கற்பனை என்று எதிரணி சொல்லும். 2022 நவம்பர் 23. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை. பெரிய அரசு மருத்துவமனை. காலையில் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. யாரோ உள்ளே புகுந்து கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டார்கள். பதிவுச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, பில் எல்லாம் மறுபடி பேப்பர், பேனா. சுமார் இரண்டு வாரம். ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன என்று நாடாளுமன்றத்தில் அரசே பதில் சொன்னது. காரணமும் சொன்னது: உள்ளே இருந்த இணைப்புகள் தனித்தனியாகப் பிரிக்கப்படவில்லை. நம்ம பாஷையில் சொன்னால், வாசலுக்குக் கதவு உண்டு, உள்ளே இருக்கிற எந்த அறைக்கும் கதவு இல்லை. வாசலைத் தாண்டினவன் பூஜை அறை வரைக்கும் போகலாம்!

கதவு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம ஊரிலேயே சாட்சி இருக்கு. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் ஒரு கம்ப்யூட்டருக்குள் தீய நிரல் புகுந்திருந்தது என்று அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. படிச்சபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் அது நிர்வாக வேலைக்கான கம்ப்யூட்டர். உலையை இயக்குகிற அமைப்புக்கும் அதற்கும் தொடர்பே இல்லாமல் பிரித்து வைத்திருந்தார்கள். கதவு இருந்த இடத்தில் தப்பித்தோம். இல்லாத இடத்தில் நோயாளி வரிசையில் நின்றான். கதவு போடச் செலவாகும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா ஐயா? (கைதட்டல்)

மருத்துவமனை மட்டுமல்ல, ஒரு நாடே முடங்கியிருக்கு. மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிகா என்று ஒரு சின்ன நாடு. 2022 ஏப்ரலில் அதன் நிதி அமைச்சகத்துக்குள் ஒரு கும்பல் புகுந்தது. வரி வசூல் நின்றது, சுங்கத்துறை நின்றது, சரக்குகள் தேங்கின. முதலில் ஒரு கோடி டாலர் கேட்டார்கள், பிறகு இரண்டு கோடி கேட்டார்கள். நாடு பணிய மறுத்தது. மே 8 அன்று பதவியேற்ற ஜனாதிபதி ரோட்ரிகோ சாவேஸ் தேசிய நெருக்கடி நிலையை அறிவித்தார். போர் இல்லை, புயல் இல்லை, பூகம்பம் இல்லை. நெருக்கடி நிலை வந்தது கம்ப்யூட்டரால்!

இது வெளியிலிருந்து வரும் திருடன். அவன் கொண்டுபோன விவரம் என்ன ஆகும்?

எங்க தெருவில் ஒரு ஓய்வு பெற்ற வாத்தியார். ஊருக்கே கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். ஒரு நாள் போன் வந்தது. ‘நான் போலீஸ் உயரதிகாரி பேசுறேன். உங்க பேர்ல வந்த பார்சல்ல போதைப்பொருள் இருக்கு. உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம், போனை வைக்கக் கூடாது.’ அப்படி ஓர் அரெஸ்டே சட்டத்தில் கிடையாது. ஆனால் அவன் சாரோட முழுப்பெயரைச் சொன்னான், அப்பா பெயரைச் சொன்னான், கதவு எண்ணைச் சொன்னான், அடையாள எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைச் சொன்னான். எல்லாம் சரி! ஒன்றரை நாள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் மனைவி ‘சாப்பிட வாங்க’ என்று தட்டுகிறார், இவர் திறக்கவில்லை. பேத்தி கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் போய்விட்டது.

நான் போய்க் கேட்டேன், ‘சார், நீங்க எப்படி நம்பினீங்க?’ அவர் தலை நிமிரவே இல்லை. ‘அரசாங்கத்துக்கு மட்டும் தெரிஞ்ச விவரமெல்லாம் சொன்னான்மா. அப்போ அவன் அரசாங்கம்தானே?’ என்றார்.

அந்த விவரம் அரசாங்கத்திடமிருந்துதான் போச்சு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் போகவில்லை என்று அந்தப் பெரியவருக்குச் சொல்லவும் ஆள் இல்லையே! எங்கே போய்க் கேட்பார்? எந்த ஜன்னலில் கேட்பார்? (கைதட்டல்)

எதிரணி சகோதரி, வீட்டிலிருந்தே பத்திரத்தைப் பார்க்கலாம் என்றாங்க. நல்லதுதான். 2018-இல் தெலங்கானாவில் என்ன நடந்தது? பதிவுத் துறை இணையதளத்தில் இருந்த பத்திரங்களிலிருந்து விரல்ரேகைகளை எடுத்து, ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி அச்சு செய்து, அடுத்தவர் பெயரில் சிம் கார்டுகளை இயக்கியதாக ஒருவரைப் போலீஸ் கைது செய்தது. ரகசிய எண் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். எங்க வீட்டுக்காரர் கல்யாணத் தேதியை மாற்றிப் பிள்ளை பிறந்த தேதியை வைப்பார். விரல் திருடு போனால் என்ன ஐயா செய்வது? கடவுள் கொடுத்தது பத்து. கடையில் பதினோராவது கிடைக்காது!

ஒரு சின்னச் சோதனை வைக்கிறேன். ஆதாரில் உங்க கைரேகையை நீங்களே பூட்டி வைக்க வழி இருக்கு. வேண்டும்போது திறந்துகொள்ளலாம். எங்கெங்கே உங்க எண் சரிபார்க்கப்பட்டது என்று பார்க்கவும் வழி இருக்கு. இந்த அரங்கத்தில் எத்தனை பேர் பூட்டியிருக்கீங்க? கை தூக்குங்க. ஒண்ணு... ரெண்டு... அந்தக் கடைசி வரிசைத் தம்பியோட சேர்த்து நாலு. இவ்வளவு பேர் இருக்கிற அரங்கத்தில் நாலு பேர்!

நடுவர்: நான் தூக்கலை, கவனிச்சீங்களா?

கவனிச்சேன் ஐயா, தீர்ப்பு சொல்கிறவர் என்பதால் எண்ணிக்கையில் சேர்க்கலை! (சிரிப்பு) கொடுக்கச் சொல்லி அத்தனை விளம்பரம். பூட்டச் சொல்லி எத்தனை விளம்பரம் பார்த்தோம்?

மூன்றாவது ஆபத்து, மெஷின் சொல்வதே வேதம் என்று அரசாங்கம் நம்புகிற ஆபத்து. திருடனே வேண்டாம், இது ஒன்றே போதும். பிரிட்டனில் தபால் அலுவலகம் அரசுக்குச் சொந்தமானது. 1999-இலிருந்து அதன் கிளைகளுக்கு ஹொரைசன் என்ற கம்ப்யூட்டர் கணக்கு வந்தது. கிளையை நடத்தியவர்கள் நம்ம ஊர் மளிகைக்கடை அண்ணாச்சி மாதிரி சாதாரண மனிதர்கள். ராத்திரி கணக்கு முடித்தால் ‘பணம் குறைகிறது’ என்று கம்ப்யூட்டர் காட்டும். ‘நாங்க எடுக்கலைங்க’ என்று கதறினார்கள். கேட்கவில்லை. கைப்பணம் போட்டுக் கட்டினார்கள், வீட்டை விற்றார்கள். 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். ஒரு கர்ப்பிணிப் பெண் சிறைக்குப் போனார். சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். கடைசியில் தப்பு கம்ப்யூட்டரில்தான் இருந்தது! 2019-இல் உயர் நீதிமன்றம் அதைச் சொன்னது. 2024-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட்டு அந்தத் தண்டனைகளை ரத்து செய்தது.

இந்தக் கதை நமக்குப் புதுசா? சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் விசாரிக்காமல் நம்பினான், கோவலன் வெட்டுப்பட்டான். அன்று பொய்ச்சாட்சி பொற்கொல்லன், இன்று பொய்ச்சாட்சி கம்ப்யூட்டர். ஒரே ஒரு வித்தியாசம். சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்ததும், ‘நானே கள்வன்’ என்று பாண்டியன் அரியணையிலேயே உயிரை விட்டான். அங்கே, தவறைத் திருத்த இருபது வருஷத்துக்கு மேல் ஆச்சு. மதுரையில் ஒரு கோவலன். அங்கே தொள்ளாயிரம் கோவலன்! (நீண்ட கைதட்டல்)

எதிரணித் தம்பி எழுந்து கேட்பார், ‘அப்போ கம்ப்யூட்டரையெல்லாம் தூக்கிக் கடலில் போடச் சொல்றீங்களா?’ இல்லை தம்பி. செய்து காட்டின ஊரைச் சொல்றேன், கேளுங்க.

எஸ்டோனியா. 1991-இல் மறுபடி விடுதலை பெற்ற நாடு. மொத்த ஜனத்தொகையே சுமார் 13 லட்சம். 2005-லேயே இணையத்தில் ஓட்டுப் போட்டவர்கள். 2007-இல் அவர்களுடைய அரசு, வங்கி, பத்திரிகைத் தளங்கள் மீது வாரக்கணக்கில் தாக்குதல் நடந்தது. அடிபட்டவர்கள் பாடம் படித்தார்கள். அங்கே தன்னுடைய விவரத்தை எந்த அலுவலகம் எப்போது பார்த்தது என்று குடிமகன் பார்க்கலாம். காரணமில்லாமல் பார்த்தால் அதிகாரிக்குத் தண்டனை. 2017-இல் அடையாள அட்டையின் சிப்பில் ஓட்டை இருப்பது தெரிந்தது. ஏழரை லட்சம் அட்டைகள்! அடுத்த மாதம் உள்ளாட்சித் தேர்தல். நம்மாட்கள் என்றால் என்ன செய்வார்கள்? ‘தேர்தல் முடியட்டும், மூடி வை’ என்பார்கள். அங்கே அரசாங்கமே மக்களைக் கூப்பிட்டுச் சொன்னது. பிறகு அட்டைகளை நிறுத்தி வைத்துச் சரி செய்து கொடுத்தது.

இன்னொரு பாடம் உக்ரைனில். 2015 டிசம்பர் 23. தூரத்திலிருந்து கம்ப்யூட்டருக்குள் புகுந்து மின்சாரத்தை அணைத்தார்கள். சுமார் இரண்டே கால் லட்சம் இணைப்புகள் இருட்டில். குளிர்காலம். சில மணி நேரத்தில் விளக்கு எரிந்தது. எப்படி? ஊழியர்கள் துணை மின்நிலையங்களுக்கு ஓடிப்போய்க் கையால் போட்டார்கள். கையால் போடத் தெரிந்த மனுஷன் அங்கே இருந்தான்!

ஆக மூன்று வேண்டும். கசிந்தால் ஒளிக்காமல் சொல்லணும். யார் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியணும். மெஷின் நின்றால் கையால் செய்ய வழியும் மனுஷனும் இருக்கணும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளை வைத்துச் சொன்னது. 2023-இல் நாடாளுமன்றம் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றியது. விவரம் கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்லணும் என்று அதில் இருக்கு, சந்தோஷம். ஆனால் அரசு தன்னுடைய அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ளவும் அதே சட்டத்தில் வழி இருக்கு! பயிருக்கு வேலி போட்டோம். வேலிக்கு யார் வேலி போடுவது?

நடுவர் மணியைத் தொடுகிறார். ஒரே நிமிஷம் ஐயா, முடிக்கிறேன்.

எங்க மாமியாரோடு ரேஷன் கடைக்குப் போனேன். எழுபத்தாறு வயசு. மெஷினில் விரலை வைத்தார். ‘சேரவில்லை’ என்றது. முந்தானையில் துடைச்சு வைத்தார். சேரவில்லை. பத்து விரலும் வைத்தாச்சு. பின்னால் வரிசையில் ஒருத்தர் ‘பாட்டி, அது நீங்கதானா?’ என்று சிரிக்கிறார். மாமியாருக்கும் எனக்கும் ஆயிரம் சண்டை உண்டு. ஆனால் அன்றைக்கு அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கே... ‘நான் நான்தான்னு நீயாவது சொல்லும்மா’ என்கிற மாதிரி.

அந்த ரேகை எப்படி அழிந்தது? ஐம்பது வருஷம் சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்து அழிந்தது. களை பறித்து, நாற்று நட்டு அழிந்தது. அஞ்சு பிள்ளைகளை ஆளாக்கி அழிந்தது. உழைச்சுத் தேய்ந்த விரல் என்பதாலேயே அந்த அம்மா யாரென்று மெஷினுக்குத் தெரியவில்லை!

கடையில் இருந்த தம்பி எழுந்து வந்தார். ‘எனக்குத் தெரியும் பாட்டி, உக்காருங்க’ என்று சொல்லி, நோட்டில் எழுதி, அரிசியைப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தம்பியும் அந்த நோட்டும் இருந்ததால் அன்றைக்கு எங்க வீட்டு அரிசிப் பானை நிறைந்தது. நாளைக்கு அந்தத் தம்பியை எடுத்துவிட்டால்? அந்த நோட்டைக் கிழித்துவிட்டால்?

நம்ம விரல், நம்ம நிலம், நம்ம நோய், நம்ம பிள்ளைகளின் பெயர், எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டோம். பெட்டி அழகாக இருக்கிறது. திறந்து மூட வசதியாக இருக்கிறது. சாவி யார் கையில் என்று கேட்டால் பதில் இல்லை. அந்தப் பதில் வருகிற வரைக்கும், நடுவர் அவர்களே, மிகுந்திருப்பது ஆபத்தே, ஆபத்தே! 

(நீண்ட கைதட்டல்)